சாவி மாற்றிய ஞாயிறு

விளாங்குடியைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மூன்று மணி வெயில். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை, செல்போன் சார்ஜர். காலில் காலையில் கண்மாயில் வண்டி ஓட்டப் போட்டிருந்த அதே கனத்த பூட்ஸ். செருப்பு நான் வேலை பார்த்த பட்டறைக்குள் கிடந்தது. அதை எடுக்க வேண்டுமானால் இன்னொரு தடவை உள்ளே போய் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். பூட்ஸோடு நடப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இடது பக்கம் நாகமலைக்கு மேல் மேகம் கறுத்து நின்றது. விடிந்ததிலிருந்து அங்கேயேதான் நின்றது. பெய்யவும் இல்லை, கலையவும் இல்லை. டவுன் பஸ்கள் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தன. நான் கை காட்டாததைப் பார்த்துவிட்டுப் போயின.

ஊரை விட்டுக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். திருப்பூரில் பனியனுக்குக் காஜா எடுத்தேன். பாலக்காட்டில் மர அறுவை மில்லில் தூள் அள்ளினேன். ஓசூரில் கம்பி வளைத்தேன். சம்பளம் தராத இடத்தை விட்டுப் போயிருக்கிறேன். அடித்த இடத்தை விட்டுப் போயிருக்கிறேன். ஒரு காரணமும் இல்லாமல், காலையில் எழுந்ததும் தோன்றியதால் போயிருக்கிறேன். நான் செய்த காரியத்துக்காக ஒரு ஊரை விட்டது இந்த ஒரு தடவைதான்.

விளாங்குடியில் இரண்டு வருடம் இருந்தேன். என் கணக்கில் அது நீண்ட காலம். அங்கே டூவீலர் பட்டறை வைத்திருந்த அண்ணன் எனக்கு வேலை கொடுத்தார். ராத்திரி ஷட்டருக்கு உள்ளே படுத்துக்கொள்ளச் சொன்னார். நான் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா படுத்துக் கெடந்து என்ன செய்யப் போற, வா" என்று கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கண்மாய் கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம், மலைக்குக் கீழே இருக்கிறது. மாசி பங்குனியில் வற்றிவிடும். வற்றியதிலிருந்து ஐப்பசியில் மழை விழும்வரை அதன் தரையில் நாங்கள் வண்டி ஓட்டினோம். கருவேல மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் தடம். கரைமேல் ஏற வேண்டும், இறங்க வேண்டும், பிறகு மடைக் கற்களை ஒட்டி இடது பக்கமாக ஒடித்துத் திரும்ப வேண்டும். மடை என்பது வயலுக்குத் தண்ணீர் விடும் வாய். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கருங்கல். அந்த ஒரு திருப்பத்தில்தான் எல்லோரும் வேகத்தைக் குறைப்போம்.

நாங்கள் நான்கு பேர். பட்டறை அண்ணன் ஒருவர். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபது வயதுக்காரர் மாதிரி நடந்துகொள்வார். இரண்டாவது ஆள் சௌராஷ்டிர வீட்டுப் பையன். அவர்களுக்குச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறை இருந்தது. விரல் நகங்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். சேலைக்கட்டு ஏற்றுகிற குட்டியானை வேனில்தான் எங்கள் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வருவான். லைட்டும் நம்பர் பிளேட்டும் இல்லாத வண்டிகளை ரோட்டில் ஓட்ட முடியாது. மூன்றாவது ஆள் கண்மாய்க்குப் பக்கத்து ஊர்க்காரன். அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. நான்காவது நான்.

அந்த ஊர்க்காரனைத்தான் நான் மாப்ள என்று கூப்பிடுவேன், அவனும் என்னை அப்படியே. அவன் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகியிருந்தான். மூன்றாவது முயற்சி. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இனிமேல் ஓடிக் காட்ட வேண்டும், தாண்டிக் காட்ட வேண்டும், கயிறு ஏறிக் காட்ட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. விடிகாலையில் கண்மாய்க்கரைமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுவான். அவன் வீட்டில் எல்லோரும் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா அவனை வயலில் இறங்கவே விடவில்லை. முள் குத்திவிடும் என்று.

"நீ நாளைக்கி வராத மாப்ள, டெஸ்ட் முடியட்டும்" என்று அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் நான் போனில் சொன்னேன்.

"போலீஸ் ஆனபெறகு கண்மாய்ல வண்டி ஓட்டவா விடுவாய்ங்க? இதாண்டா கடைசி. மெதுவா ஓட்டிட்டு வாரேன்."

அதோடு விட்டேன்.

அன்றைக்குச் சீசனின் கடைசி ஞாயிறு. அடுத்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கடைசி ஞாயிறுக்கென்று எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அண்ணன் ஏற்படுத்தியது. நான்கு சாவியையும் ஒரு ஹெல்மெட்டுக்குள் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். சொந்தச் சாவி வந்தால் திரும்பப் போட்டுவிட்டு எடுக்க வேண்டும். யார் சாவி கையில் வருகிறதோ அவர் வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். இன்னொரு விதி, அதுதான் முக்கியமான விதி: வண்டியின் சொந்தக்காரன் வண்டியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஓட்டுகிறவனும் கேட்கக் கூடாது.

எங்கள் வண்டிகள் எல்லாம் பழையவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோளாறு உண்டு. அண்ணன் வண்டியில் மூன்றாவது கியர் நிற்காது, தானாக நழுவும். சௌராஷ்டிரக்காரன் வண்டியில் சீட் முன்னும் பின்னும் ஓடும். மாப்ள வண்டியின் சைலன்சர் கெண்டைக்காலைச் சுடும். புதிதாக ஏறுகிறவன் அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கிற நேரம்தான் எங்களுக்குச் சிரிப்பு. போன வருடம் அண்ணன் வண்டியை நான் ஓட்டி, கியர் நழுவி, கருவேலங்கிளைக்குள் போய்ச் சொருகிக்கொண்டேன். மூன்று மாதம் சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. என்னை வைத்துச் சிரிக்கிற அளவுக்கு எந்த ஊரிலும் நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அதே போன வருடம் சௌராஷ்டிரக்காரன் மட்டும் ஒருவரிடம் பிரேக் பற்றி முணுமுணுத்துவிட்டான். அது மற்றவர் காதில் விழுந்துவிட்டது. அந்த வருடம் முழுவதும் அவனுக்கு வக்கீல் என்று பட்டம். "வக்கீல் சார் வாராரு, வாயை மூடுங்கப்பா" என்று அண்ணன் எழுந்து நிற்பார்.

என் வண்டியின் கோளாறு சிரிக்கிற வகை இல்லை.

ஆக்சிலேட்டர் கேபிள் உள்ளே பிரிந்திருந்தது. ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுவதும் ஒடித்தால் கேபிள் இழுபட்டு, பிரிந்த இழை எங்கேயோ மாட்டிக்கொள்ளும். முறுக்கியது முறுக்கியபடியே நிற்கும். கையை விட்டாலும் வேகம் குறையாது. மடைத் திருப்பத்தில் எனக்கு மூன்று தடவை அப்படி ஆயிற்று. மூன்று தடவையும் கையால் பிடித்துப் பின்னால் திருப்பித் தப்பித்தேன். பிறகு சைக்கிள் டியூபில் ஒரு பட்டை நறுக்கி, கைப்பிடியில் சுற்றி, பிரேக் லீவர் அடியில் இழுத்துக் கட்டினேன். கையை எடுத்தால் ரப்பர் இழுத்து மூடிவிடும். அதற்குப் பிறகு மாட்டவில்லை.

புதுக் கேபிள் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதற்குக் கீழேதான் படுத்தேன். கேட்டிருந்தால் அண்ணன் சும்மாவே கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுத்துப் பழகினவன் கூரையைச் சரிசெய்ய மாட்டான், ஒழுகாத மூலையைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். நான் பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் இருந்தேன். கட்டிவிட்டேன், ஓடுகிறது, போதும்.

அன்று காலை கண்மாய்க்குள் இறங்கினோம். அந்த வாரம் ஒரு மழை விழுந்திருந்தது. தரை மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது, பூட்ஸை அழுத்தினால் கீழே நெகிழ்ந்தது. ஆள்காட்டிக் குருவிகள் இரண்டு எங்கள் தலைக்கு மேலே வட்டம் போட்டுக் கத்திக்கொண்டே இருந்தன. முட்டை வைத்திருக்கும் காலம் இல்லை, எதற்குக் கத்தின என்று தெரியவில்லை. மேகத்தால் வெளிச்சம் மங்கி, பத்து மணிக்கே சாயங்காலம் மாதிரி இருந்தது.

ஆடு மேய்க்கிற அம்மா வழக்கம்போலக் கரைமேல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் எங்களைப் பார்த்து ஏதாவது சொல்வார்.

"என்னய்யா, இன்னைக்கும் புழுதி தின்ன வந்துட்டீகளா?"

"கடைசி வாரம் அத்தை. இனிமே உங்க ஆடு நிம்மதியா மேயும்" என்றான் சௌராஷ்டிரக்காரன்.

"ஆடு மேயும். ஒங்க ஆத்தாமாரு நிம்மதியா இருப்பாகளா, அதச் சொல்லு."

அண்ணன் ஹெல்மெட்டைக் குலுக்கினார். முதலில் சௌராஷ்டிரக்காரன் எடுத்தான், அண்ணன் வண்டி வந்தது. "மூணாவது கியரு, ஆண்டவா" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "வக்கீலு, வாயி!" என்று அண்ணன் அதட்டினார். இரண்டாவதாக மாப்ள கையை விட்டான். அவன் கை ஹெல்மெட்டுக்குள் கிடந்தபோது, என் சாவி வரக் கூடாது என்று நான் நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். கை வெளியே வந்தது. என் சாவி.

"அட, நம்ம மாப்ள வண்டி. பூப்போல வச்சிருப்பான்" என்றான்.

எனக்குச் சௌராஷ்டிரக்காரன் வண்டி வந்தது. மிச்சம் இருந்த மாப்ள வண்டி அண்ணனுக்கு.

ரப்பர் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று சமாதானம் செய்துகொண்டேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். ஸ்டார்ட் செய்து நான்கு பேரும் வரிசையாக நின்றோம். மாப்ள கைப்பிடியை இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தான். பெருவிரலைத் தேய்த்துக்கொண்டான்.

"இது என்னடா ரப்பரு? கையை அறுக்குது."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் பக்கத்திலிருந்து கத்தினார்: "ஏய், கேக்கக் கூடாது! கேட்டா இந்த வருசம் நீதான் வக்கீலு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்ளயும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ரப்பர் பட்டையை லீவர் அடியிலிருந்து உருவி, கைப்பிடியிலிருந்து கழற்றி, தூரப் போட்டான். அது என் முன்சக்கரத்துக்கு ஓர் அடி தள்ளி விழுந்தது. என் வாய் திறந்தபடியே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த நேரம் எவ்வளவு என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். ஆடு மேய்க்கிற அம்மாதான் துண்டை வீசிப் போட்டியைத் தொடங்கி வைப்பார். அவர் கரையிலிருந்து இறங்கி, தடத்தின் ஓரத்துக்கு வந்து, துண்டை உதறி, கையைத் தூக்கி, வீசும்வரை இருந்த நேரம். ஒரு பீடி பற்ற வைத்து இரண்டு இழுப்பு இழுக்கலாம். வண்டியை விட்டு இறங்கி, அந்த ரப்பரை எடுத்து, நான்கு எட்டு நடந்து, திரும்பக் கட்டியிருக்கலாம். சிரித்திருப்பார்கள். ஒரு வருடம் வக்கீல் என்று கூப்பிட்டிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

துண்டு விழுந்தது. கிளம்பினோம்.

ஐந்து சுற்று. முதல் சுற்றில் மாப்ள சொன்னபடியே மெதுவாக ஓட்டினான். மடைத் திருப்பத்தில் வேகத்தை நன்றாகக் குறைத்து, தாராளமாக வட்டம் எடுத்துத் திரும்பினான். ஹேண்டில்பார் முழுவதும் ஒடியவில்லை. நான் அவனுக்குப் பின்னால் இருந்தேன். மூச்சு விட்டேன். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. எனக்குக் கீழே சீட் முன்னும் பின்னும் ஓடியது, ஒவ்வொரு மேட்டிலும் தொடை டாங்கில் இடித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சுற்றில் அண்ணன் அவனை முந்தினார். முந்தும்போது காலைத் தூக்கி, சைலன்சர் சுடுகிறது என்று காட்டினார். அது மாப்ளயை உசுப்பிவிட்டது. அவன் கொஞ்சம் குனிந்தான். முழங்கையை விரித்தான். எனக்குத் தெரிந்த மாப்ள அதுதான், ஒருவர் முன்னால் போனால் விட மாட்டான்.

அவனுக்குப் பக்கத்தில் போய்க் கத்திவிடலாம் என்று நான் முறுக்கினேன். கரை இறக்கத்தில் அவனை நெருங்கினேன். "மாப்ள! மடைல! மடைல பாத்து!" என்று கத்தினேன். இரண்டு எஞ்சின் சத்தம், இரண்டு ஹெல்மெட். அவன் தலையைத் திருப்பி, நான் முந்தப் பார்க்கிறேன் என்று நினைத்து, இன்னும் முறுக்கினான்.

நான்காவது சுற்று. மடைக்கு வந்தான். உள்பக்கம் நுழைந்து அண்ணனைப் பிடிக்கிற நினைப்பில் இடது பக்கம் முழுவதும் ஒடித்தான். எஞ்சின் சத்தம் குறைய வேண்டிய இடத்தில் ஏறியது. வண்டி அவனுக்குக் கீழே துள்ளியது. அவன் கையை விட்டுவிட்டதையும், அதற்குப் பிறகும் வண்டி போனதையும் பார்த்தேன். திரும்ப வேண்டியது திரும்பாமல் நேராகப் போய் மடைக் கருங்கல்லில் ஏறிச் சாய்ந்தது. அவன் வலது கால் கல்லுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் இருந்தது.

அவன் கத்தவில்லை. வண்டிதான் கத்தியது. படுத்தபடி பின்சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணை வாரி அடித்தது. அண்ணன் ஓடிவந்து பிளக் ஒயரைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு குருவிச் சத்தம் கேட்டது.

"கால்மட்டும் நல்லா இருக்கான்னு பாருண்ணே" என்றான் மாப்ள. அவன் குரல் சாதாரணமாக இருந்தது. "கைகூட ஒடியட்டும். கால் நல்லா இருக்கான்னு பாரு."

பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. நான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை ஏறினேன். ஆடு மேய்க்கிற அம்மா எதிரே இறங்கி வந்தார். துண்டைக் கொடுத்தார். குட்டியானையில் அவனைப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவன் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்.

"பன்னண்டு நாள் இருக்குல்ல மாப்ள? வீக்கம்தான? வத்திரும்ல?"

"வத்திரும்" என்றேன்.

டவுனில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரி. பூட்ஸை வெட்டி எடுத்தார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் வயதானவர், நிதானமானவர். கணுக்காலில் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, பிறகு பார்க்கலாம் என்றார். மாப்ள போலீஸ் டெஸ்ட் பற்றிச் சொன்னான். டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம் தம்பி."

"அடுத்த வருசம் இல்ல சார்" என்றான்.

அண்ணனும் சௌராஷ்டிரக்காரனும் கண்மாயில் கிடக்கும் வண்டிகளை ஏற்றிவரப் போனார்கள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கட்டு போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். அவன் அதைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரப்பரு எதுக்குடா?"

"ஆக்சிலேட்டர் மூட மாட்டேங்கும். அது இழுத்து மூடுறதுக்கு."

"நான் கழட்டும்போது நீ பாத்துட்டுத்தான் இருந்த."

"ஆமா."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அண்ணன் கத்திவிட்டார் என்றோ, விதி என்றோ.

அவன் அம்மா வந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு. யாரோ போனில் சொல்லி, உலையில் கிடந்ததை அப்படியே வடித்து எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். கட்டைப் பார்த்தார். கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்தார்.

"நீதான்யா தோள்ல தூக்கிட்டு ஓடியாந்தியாம். நல்லா இருப்ப. ஒன்னைப் பெத்தவ நல்லா இருப்பா."

நான் மாப்ளயைப் பார்த்தேன். அவன் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவன் காலைல இருந்து சாப்பிடலம்மா. அவனுக்குப் போடு" என்றான்.

தூக்கு மூடியில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் போட்டுக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன். பசித்தது. பசிக்கவில்லை என்று எழுதினால் பொய். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டு, மூடியைக் கழுவி வைத்துவிட்டு, "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஆரப்பாளையம் வழியாக விளாங்குடிவரை நடந்தே போனேன். அண்ணன் பட்டறையில் இருந்தார். என் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டாங்கைக் கழற்றி, கேபிளை உருவிக் கையில் வைத்திருந்தார். நுனியில் இழைகள் பிரிந்து துருப்பிடித்துக் கிடந்தன. அந்த ரப்பர் பட்டையையும் கண்மாயில் தேடி எடுத்து வந்திருந்தார்.

"இது நீ கட்டுனதா?"

"ஆமாண்ணே."

"எம்புட்டு நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

அவர் கேபிளைக் கீழே போட்டார். "வாயைத் தொறக்கக் கூடாதுன்னு வச்சது சிரிக்கிறதுக்குடா. சீட்டு ஓடுறதுக்கு, கியர் நழுவுறதுக்கு. இதுக்காடா?" பிறகு எனக்குச் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்: "கேக்கக் கூடாதுன்னு நாந்தான் கத்துனேன்."

எழுந்து சுவரிலிருந்த புதுக் கேபிளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மாட்டு."

மாட்டினேன். பத்து நிமிட வேலை. முறுக்கி விட்டேன். டக்கென்று மூடியது. ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுவதும் ஒடித்து, திரும்ப முறுக்கி விட்டேன். டக்கென்று மூடியது. அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பின்பக்கம் போய்க் கை கழுவினார். அவர் கழுவிவிட்டு வருவதற்குள் நான் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். சாவியை வண்டியிலேயே விட்டேன்.

அப்படித்தான் அந்த மூன்று மணி வெயிலில் நடந்துகொண்டிருந்தேன்.

சமயநல்லூர் வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைத் தளர்த்தினேன். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. போன் அடித்தது. சௌராஷ்டிரக்காரன்.

"எங்கடா போய்த் தொலஞ்ச? அவன் ஒன்னையத்தான் கேக்குறான்."

"என்ன கேக்குறான்?"

"எங்கன்னு கேக்குறான். வேறென்ன கேப்பான்? இன்னைக்கி ராத்திரி ஆம்பள ஒருத்தன் கூட இருக்கணும்டா. நான் வீட்டுக்குப் போகணும், அம்மா கத்துறாங்க. நீ எங்க இருக்க?"

"பக்கத்துலதான். வாரேன்."

"எம்புட்டு நேரத்துல?"

"வாரேன்னு சொல்றேன்ல."

போனை அணைத்தேன். அன்றைக்கு அந்தப் பொய்யை நான் சொன்னது அது இரண்டாவது தடவை. போய் அந்தக் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கலாம். அவனுக்குச் சிறுநீர் பாட்டில் பிடித்திருக்கலாம். அவன் என்னை அடிக்கவாவது ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். அதைச் செய்கிற ஆளாக நான் இருந்திருந்தால் காலையிலேயே வண்டியை விட்டு இறங்கியிருப்பேன். டீக்கடைக்காரர் கடையைச் சாத்தும்போது பெஞ்சிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார். மழை வரும் வரும் என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தேன். வரவில்லை.

விடிந்ததும் ஒரு காய்கறி லாரியில் ஏறி வாடிப்பட்டியில் இறங்கினேன். ரோட்டை ஒட்டி ஒரு தேங்காய் மண்டி. மலைபோலக் காய் குவிந்து கிடந்தது. ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று உரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை இருக்கிறதா என்று கேட்டேன். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"பல ஊருண்ணே."

"அது சரி. டூவீலர் ஓட்டுவல்ல? தோப்புத் தோப்பாப் போயி காய் பாத்துட்டு வர ஆள் இல்ல. வண்டி நான் தாரேன். உரிக்கிறதை விட நல்ல வேலை. சம்பளமும் கூட."

மண்டி வாசலில் அந்த வண்டி நின்றது. சாவி அதிலேயே தொங்கியது.

"ஓட்டத் தெரியாதுண்ணே."

"ஓட்டத் தெரியாதா? இந்தக் காலத்துலயா?" உரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டீகளாப்பா, இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதாம்."

அவர்கள் சிரித்தார்கள். ஒரு பெரியவர் தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார். தரையில் நட்டிருந்த இரும்புப் பாரையைக் காட்டி, காயை எந்தப் பக்கம் குத்த வேண்டும், எப்படித் திருக வேண்டும் என்று ஒரு தடவை செய்து காட்டினார். நான் முதல் காயை எடுத்துக் குத்தினேன். மட்டை விடவில்லை. மறுபடியும் குத்தினேன்.